மெடிக்கல் கோடிங் பயிற்சியில் சேருமுன் இதைப் படித்துவிடுங்கள்

நான் ஆரணியைச் சேர்ந்தவள். அப்பா பட்டுத்தறி நெய்பவர். உயிர்வேதியியலில் பட்டம் பெற்று ஓராண்டு வேலையின்றி வீட்டில் இருந்த நான், 2024 ஜூலையில், நோயையும் சிகிச்சையையும் காப்பீட்டுக்காகக் குறியீடுகளாக எழுதும் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் பயிற்சி தரும் சென்னை நிறுவனம் ஒன்றில் 48,000 ரூபாய் கட்டணத்தில் சேர்ந்து ஏமாந்தேன். என்னைப் போல் உயிரியல், நர்சிங், பார்மசி படித்துவிட்டு இத்துறையை நம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக, நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

முதல் நாள் கவுன்சிலிங் என்று அழைத்து, என்னிடம் பேசியதைவிட அப்பாவிடம்தான் அதிகம் பேசினார்கள். "அப்பா, நீங்க கவலையே படாதீங்க, மூணாவது மாசம் பாப்பா சம்பளம் அனுப்பும்" என்று அங்கிருந்த பெண் சொன்னபோது அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நூறு சதவீதம் வேலை உறுதி என்று சுவர் முழுவதும் எழுதி, வேலை பெற்றவர்களின் படங்களை ஒட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமாவது பேச வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

பணத்தை மாதம் 4,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணைகளில் கட்டினால் போதும் என்றார்கள். என் கைப்பேசிக்கு வந்த ஆதார் ஓடிபி எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். அது தவணை வசதி அன்று, ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் வழங்கிய கடன் என்பதும், முழுத் தொகையும் அந்த வாரமே பயிற்சி நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விட்டது என்பதும், நான்காவது மாதம் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பியபோது வங்கி ஒரு பக்கமும் கடன் நிறுவனம் ஒரு பக்கமும் அபராதம் பிடித்த பிறகே எனக்கு விளங்கின. பயிற்சியை நிறுத்தினாலும் கடன் நிற்காது. கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் சரியும். செயலி வழியாகக் கடன் தருபவர்கள், வட்டியையும் கட்டணங்களையும் விளக்கும் முக்கியத் தகவல் தாளைத் தர வேண்டும் என்பதும், குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாள்களுக்கான வட்டியையும் செலுத்திக் கடனிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். எனக்கு அப்படியொரு தாள் மின்னஞ்சலில் வந்திருந்தது. நான்தான் திறந்து பார்க்கவில்லை.

பணத்தைவிட எனக்கு வலித்தது அவர்கள் கற்பித்த பாடம்தான். நோயாளியின் மருத்துவக் குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10-சிஎம் குறியீட்டையும், செய்த சிகிச்சைக்குச் சிபிடி குறியீட்டையும் பிழையின்றி இடுவதே இந்த வேலை. அதை வைத்துத்தான் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் பணம் தருகிறது. நோய்க் குறியீடுகள் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1 அன்றும், சிபிடி குறியீடுகள் ஜனவரி 1 அன்றும் புதுப்பிக்கப்படுகின்றன. எங்களுக்குத் தந்ததோ குறியீட்டுப் புத்தகத்தின் சுருள் கம்பி போட்ட ஒரு ஜெராக்ஸ் கட்டு. அதன் முதல் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. பழைய பதிப்பு என்பதை மறைக்கத்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள் என்று இப்போது நம்புகிறேன்.

2025 பிப்ரவரியில், அந்த நிறுவனத்தின் உதவியின்றி நானே விண்ணப்பித்து ஒரு நேர்காணலுக்குச் சென்றேன். எழுத்துத் தேர்வில், முதன்முறையாக மருத்துவரைப் பார்க்க வந்த நோயாளிக்கு மிக எளிய ஆலோசனை வழங்கப்பட்டால் எந்தக் குறியீடு என்று ஒரு வினா. மனப்பாடமாக இருந்ததால் தயங்காமல் 99201 என்று எழுதினேன். தாளைத் திருத்திய அம்மையார் என்னை அழைத்து, அந்தக் குறியீடு 2021 ஜனவரியிலேயே நீக்கப்பட்டுவிட்டது, இப்போது 99202-இல்தான் தொடங்குகிறது என்று பொறுமையாகச் சொன்னார். பழைய கணக்குப்படி நோய் வரலாறு, பரிசோதனை, முடிவெடுத்தல் மூன்றையும் கூட்டித்தான் ஆலோசனை எளியதா சிக்கலானதா என்ற நிலையைத் தீர்மானிக்க எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள். இப்போது மருத்துவ முடிவெடுத்தலின் அளவையோ செலவிட்ட நேரத்தையோ வைத்துத் தீர்மானிக்கிறார்கள். "எங்கம்மா படிச்சே?" என்று அவர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என்னோடு படித்த தோழிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டு, ஓராண்டு அனுபவம் இருப்பதாக ஒரு சான்றிதழை அவளுக்குத் தயாரித்துக் கொடுத்தார்கள். வேலையும் கிடைத்தது. பின்னணிச் சரிபார்ப்பில், அவள் வேலை செய்ததாகச் சொன்ன காலத்துக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒரு மாதப் பணம்கூட வரவு இல்லை என்பது வெளிப்பட்டு, இரண்டாவது மாதமே வெளியேற்றப்பட்டாள். வேலையைத் தக்கவைத்துக்கொள்ளும் திறன் என்று தனி வகுப்பே நடத்தியவர்கள்தான், அவள் வேலையைப் பறிக்கும் காகிதத்தையும் கையில் கொடுத்தார்கள்.

விலகுகிறேன் என்றபோது, சரிபார்ப்புக்காக என்று வாங்கி வைத்திருந்த என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்ட அசல் சான்றிதழ்களைத் தர மறுத்தார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய மறுநாளே அவை கிடைத்தன. அசல் சான்றிதழை எந்தப் பயிற்சி நிறுவனத்திலும் ஒப்படைக்காதீர்கள். நகலும் ஒருமுறை அசலைக் காட்டுவதும் போதும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்தேன். பதில் வராததால் நுகர்வோர் ஆணையத்தை அணுகினேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் சென்னைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தது எனக்கு உதவியது.

இத்துறையே மோசடி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகக் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள். சேரும் முன் மேசை மீதிருக்கும் குறியீட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கி, அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். மெடிக்கல் கோடிங் செய்பவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான சிபிசி-யில் ஆசிரியர் தேறியவரா என்று கேளுங்கள். நூறு வினாக்கள், நான்கு மணி நேரம், எழுபது சதவீதம் பெற்றால் தேர்ச்சி என்ற அந்தத் தேர்வை எழுதியவர், இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார். இன்னும் கல்லூரியில் இருப்பவர்கள், அரசின் நான் முதல்வன் திட்டத்தில் என்ன பயிற்சி இருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். பணம் கட்டுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

நான் இப்போது நடப்பு ஆண்டுப் புத்தகத்தை வாங்கி, காலையில் அப்பாவின் தறிச் சத்தத்துக்கு நடுவே நாளொன்றுக்கு இருபது குறிப்புகளுக்குக் குறியீடு எழுதிப் பழகுகிறேன். அன்று என் தாளைத் திருத்திய அம்மையார், ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்.