எலெக்ட்ரா '127 நிமிட டைரக்டர்ஸ் கட்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். 3,800 ரூபாய் போச்சு

சில நாள் முன்புதான் பார்சல் வந்தது. இன்னொருத்தர் பணம் அனுப்புவதற்குள் இதைப் போட்டுவிடுகிறேன்.

முதலில் விஷயம். 2005-ல் வந்த 'எலெக்ட்ரா' ஹாலிவுட் படத்துக்கு 127 நிமிட டைரக்டர்ஸ் கட் (இயக்குநர் தன் விருப்பப்படி தொகுத்த பதிப்பு) என்று ஒன்று கிடையவே கிடையாது. தியேட்டரில் ஓடியது 97 நிமிடம். அதே வருடம் அக்டோபரில் டிவிடியில் வந்த டைரக்டர்ஸ் கட்டில் கூடுதலாக இருந்தது சுமார் 3 நிமிடம். அவ்வளவுதான்.

பிறகு எப்படி ஏமாந்தது? 'டேர்டெவில்'தான் காரணம். 2003-ல் அது தியேட்டரில் 103 நிமிடம், 2004-ல் வந்த டைரக்டர்ஸ் கட் 133 நிமிடம். வெட்டிப்போட்டிருந்த ஒரு கொலை வழக்கே அதில் திரும்பி வந்தது, டேர்டெவிலாகவும் வக்கீலாகவும் இருக்கும் நாயகன் மாட் மர்டாக்கின் பாத்திரத்துக்கு உயிர் வந்தது. அதிலிருந்து கிளைத்த படத்துக்கும் இப்படி ஒரு 30 நிமிடம் எங்கோ இருக்கும் என்று ரசிகனுக்கு ஆசை. அந்த ஆசைக்குத்தான் எனக்கு இதை விற்ற ஆள் விலை போட்டான்.

எலெக்ட்ராவைப் பார்த்தவர்களுக்குக் குறை தெரியும். செத்து உயிர்த்தெழுந்து கூலிக்குக் கொல்கிறவள். நடக்கும்போது அடிகளை எண்ணுகிறாள், சாமான்களை வரிசை பிசகாமல் அடுக்குகிறாள், அம்மாவின் சாவு அவளைத் துரத்துகிறது. மூன்றும் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். உடனே வில்லன் கிரிகியோடு வெள்ளைத் துணிகள் பறக்கும் சண்டை, டாட்டூ என்ற இன்னொரு வில்லனின் உடம்பிலிருந்து கிளம்பும் மிருகங்கள். கொல்லப் போன மார்க்கையும் அவன் மகள் ஆபியையும் காப்பாற்ற அவள் மனம் மாறும் இடத்துக்குப் படம் போதிய நேரமே கொடுக்கவில்லை. விளம்பரத்தில் விற்றவன் எழுதியிருந்தது அப்படியே இதுதான்: "ஃபைட் கம்மி, கேரக்டர் சீன் 30 நிமிஷம் எக்ஸ்ட்ரா. ஒரிஜினல் ப்ளூ-ரே."

பழைய பொருள் விற்கும் ஆப் அது. சேட்டில் கேள்வி கேட்டால் டக்கென்று பதில் வந்தது. "பென் அஃப்லெக் நடிச்ச சீன் இதுல உள்ள இருக்கு ப்ரோ" என்றான். டேர்டெவிலாக நடித்த அஃப்லெக்கின் அந்தக் காட்சி எடுக்கப்பட்டதும், படத்திலிருந்து நீக்கப்பட்டதும், டிவிடியில் தனியாகக் கிடைப்பதும் உண்மை. அது டிவியில் ஓடுவதை 40 நொடி வீடியோவாகவும் அனுப்பினான். நம்பிக்கை வந்தது அந்த 40 நொடியில்தான். ஆப் கமிஷன் பிடிக்கும் என்று சொல்லி யூபிஐ நம்பர் கொடுத்தான். 3,800 ரூபாய் போனது.

வந்தது கடையில் கிடைக்கிற வெற்று டிஸ்க்கில் எழுதியது. மேலே இங்க்ஜெட் பிரிண்ட், ஈரக்கை பட்டதும் சாயம் ஒட்டுகிறது. அடிப்பக்கம் கருத்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்தால் எழுதிய பகுதி முடியும் இடத்தில் ஒரு வளையக் கோடு வெறும் கண்ணுக்கே தெரிகிறது. கம்ப்யூட்டரில் போட்டால் ஒரே ஒரு எம்கேவி வீடியோ ஃபைல், 25 ஜிபி டிஸ்க்கில் 4.1 ஜிபி.

அந்த 30 நிமிடம் என்ன தெரியுமா? முதல் 24 நிமிடம் டேர்டெவிலில் இருந்து வெட்டியது! மழையில் கண் தெரியாத மாட் எலெக்ட்ராவின் முகத்தை உணரும் காட்சி, வில்லன் புல்ஸ்ஐ அவளைக் கொல்லும் காட்சி. அப்புறம் 97 நிமிடம் அதே தியேட்டர் பிரிண்ட். பெயர்கள் ஓடி முடிந்த பிறகு நீக்கப்பட்ட காட்சிகள் 6 நிமிடம், டிவிடி தரத்தை இழுத்துப் பெரிதாக்கி, முகமெல்லாம் மெழுகு மாதிரி. எலெக்ட்ராவைப் பற்றிப் புதிதாக ஒரு வசனம் கிடையாது. இதற்கு 3,800 ரூபாய்.

கேட்டதும் "உங்க ப்ளேயர்ல பிரச்சினை இருக்கும் ப்ரோ" என்றான். அடுத்து "ரீஜன் கோட் ப்ராப்ளம்" (எந்த நாட்டு ப்ளேயரில் ஓடும் என்ற பூட்டு). ரீஜன் தப்பாக இருந்தால் டிஸ்க் ஓடவே ஓடாது, 24 நிமிடம் டேர்டெவில் ஓடாது என்று எழுதினேன். "லிமிடெட் எடிஷன் எல்லாமே பர்ன்தான் ப்ரோ" (வெற்று டிஸ்க்கில் எழுதுவதுதான்) என்று ஒரு பதில், பிறகு பிளாக். ஆப்பின் உதவிப் பக்கத்தில் 48 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தால் வந்தது ஒரே வரி: ஆப்புக்கு வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பில்லை. அந்த ஆளின் விளம்பரம் இன்னும் அங்கேயே இருக்கிறது, அதே படம், அதே 3,800.

விரிவாக வழி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. டிஸ்க்கின் அடிப்பக்கத்தை, நடு வளையத்தில் பொறித்த எண் தெரியும்படி, உங்கள் பெயர் எழுதிய சீட்டோடு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காட்சியை ஓட்டிக் காட்டும் வீடியோவுக்கு மதிப்பே இல்லை. ஓடும் நேரத்தை வேறு இடத்திலும் சரிபாருங்கள்; PAL என்ற டிவி முறையில் வந்த டிவிடியில் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், அதனால் நேரம் குறையுமே தவிர அதிகமாகாது. ஆப்புக்கு வெளியே பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், யூபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. நான் இப்போது அந்த லைனில்தான் இருக்கிறேன்.