நாரி நோவுக்கு கைரோபிராக்டிக்: இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன்

எனக்குக் கணக்கு வேலை. நாள் முழுக்கக் கதிரை, பிறகு 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் நின்றபடி வெள்ளவத்தைக்கு. நாரி பிடித்துக்கொண்டு, குனிந்து சப்பாத்தைக் கழற்ற முடியாத நிலை வந்த பிறகுதான் கைரோபிராக்டிக் (முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை) பக்கம் போனேன்.

முதல் நாள் முதுகில் கையே வைக்கவில்லை, கேள்விகள்தான். கால் விறைக்கிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, காரணமில்லாமல் மெலிந்தீர்களா, இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுக்கிறீர்களா? இதெல்லாம் கேட்காமல் நேரே படுக்கச் சொல்லும் இடமென்றால் தயவுசெய்து எழும்பி வந்துவிடுங்கள். அடுத்த முறை பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, தோளைப் பிடித்தபடி இடுப்பில் சட்டென்று ஓர் அழுத்தம், 'டக்' என்று சத்தம். எலும்பு இடம் மாறும் சத்தமில்லை அது, மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாவதால் வருவது.

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன், உண்மை. ஆனால் சில நாளில் பிடிப்பு திரும்ப வந்தது. நோ நிலையாகக் குறைந்தது, அங்கே சொல்லித்தந்த பயிற்சியை (முழங்காலும் உள்ளங்கையும் ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது) தினமும் செய்து, மரீன் டிரைவில் நடக்கத் தொடங்கிய பிறகுதான். பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பும் நாரி நோவுக்கு இந்தக் கைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்யச் சொல்கிறது.

1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டி.டி. பாமர், முதலில் ஒருவருடைய காது கேளாமையைத் தீர்த்ததாகச் சொன்னார். முள்ளந்தண்டைச் சரிசெய்தால் எல்லா நோயும் போகும் என்ற அந்தப் பழைய எண்ணத்தில் இன்றைக்கும் ஆஸ்துமா, பிள்ளைகளின் காது நோ என்று எல்லாவற்றுக்கும் அழைப்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள், ஆய்வுகள் ஓரளவு துணை நிற்பது முதுகு, கழுத்து நோவுக்குத்தான்.

கழுத்தைச் சட்டென்று திருப்ப மட்டும் நான் விடவில்லை. அரிதாக என்றாலும் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, வேண்டாம் என்றதும் மென்மையாக அசைத்து விட்டார்கள். அம்மாவுக்கு எலும்பு பலவீனம், அவரைக் கூட்டிப்போகவே இல்லை. இன்னோர் இடத்தில் ஒரு வருடத்துக்கான காசை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். நோ குறைகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தானே அடுத்த முறையைத் தீர்மானிக்க வேண்டும்? இப்போது பிடிப்பு கூடினால் மட்டும் போகிறேன், காலுக்கு நோ இறங்கினால் முதலில் டொக்டரிடம்தான்.