பயிற்சிப் புத்தகமா, புள்ளிக் கோலமா, கலர் நூலா?

சின்ன வகுப்புக் கணக்கில் ‘அமைப்புகள்’ என்று ஒரு பாடம் வரும்; ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிப்பது. அதை மகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க மூன்றையும் பார்த்தாயிற்று. கடைசியில் நிலைத்தது நூல்தான்.

பயிற்சிப் புத்தகத்தில் வட்டம், சதுரம், வட்டம், சதுரம், அடுத்து என்ன? ஒரு கட்டத்தை நிரப்பினால் முடிந்தது. திரும்பி வரும் துண்டு எது என்று பிள்ளை யோசிக்கவே வேண்டியதில்லை. பஸ்ஸில் போகும்போது கொடுக்க வசதி, அவ்வளவுதான்.

கோலத்தில் அம்மிச்சிக்குத்தான் (அம்மாவின் அம்மா) ஆசை. இடமும் வலமும் ஒத்துவருவதைக் காட்ட அதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஆறு வயதுக் கைக்கு மாவை இழுப்பதே பெரும்பாடு. ஒரு கோடு பிசகினால் அழிக்கும்போது பக்கத்துக் கோடும் சேர்ந்து போகிறது. பெரிய பிள்ளைகளுக்குக் கோலமே மேலாக இருக்கலாம்; அவர்களிடம் நான் செய்து பார்த்ததில்லை.

நூலுக்குப் பவானிக்காரர்களான எங்களுக்குப் பஞ்சமில்லை. 2005-06இல் புவிசார் குறியீடு வாங்கிய ஜமக்காளத்தின் வண்ணப் பட்டைகளைப் பார்த்து வளரும் ஊர் இது. அட்டையின் இரண்டு ஓரத்திலும் எதிரெதிராக, ஓரத்துக்கு 12 வெட்டு போட்டு, வெட்டுக்கு ஒரு நூல் சுற்றச் சொன்னேன். சிவப்பு, சிவப்பு, பச்சை.

நூலை நான் தேர்ந்தெடுக்கக் காரணம், தப்பைத் திருத்தும் விதம். நடுவில் ஒரு சிவப்பு விட்டுப்போயிருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. “வெரலு வெச்சு சத்தமா சொல்லு கண்ணு” என்றேன். “செவப்பு, செவப்பு, பச்சை, செவப்பு, பச்சை...” நாக்கு தடுக்கிய இடத்தில் அவளே நின்றுவிட்டாள். அதுவரை சுற்றியது அப்படியே இருக்க, அங்கிருந்து மட்டும் பிரித்துச் சுற்றினாள். அதே நூல், அதே அட்டை.

அவளாகவே வடிவமைக்கும்போது இன்னொன்றும் நடந்தது. மூன்று நூல் கொண்ட துண்டு நாலு தடவை சரியாக வந்தது. நாலு நூல் துண்டு மூன்று தடவை. ஐந்து நூலில் போட்டதும் ஓரத்தில் இரண்டு வெட்டு மிஞ்சியது. “இது ஏம்மா பத்தல?” வகுத்தல் பாடம் இன்னும் தொடங்கவே இல்லை; மீதி வந்துவிட்டது.

தையல் நூல் வேண்டாம், நிறம் எடுப்பாகத் தெரியாது. தடித்த நூலாக வாங்குங்கள். சிக்கெடுக்கும் வேலை உங்களுடையதுதான்.