கொடைக்கானல் ஏரிச் சுற்று: பாட்டியும் பேரனும் சேர்ந்து நடக்க முடியுமா?

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வரும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். முழுக்கத் தார், ஏற்ற இறக்கம் பெயரளவுக்குத்தான். வெயில், மழை, பனி என எல்லாப் பருவத்திலும் நடந்து பார்த்த அளவில், முழங்கால் வலி உள்ளவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் நம்பி அழைத்துப் போகக்கூடிய பாதை இது. ஒரே நிபந்தனை, நேரம். காலை 6.30க்குக் கிளம்பினால் பறவைச் சத்தமும் தண்ணீர்மேல் நகரும் பனியும் உங்களுக்கே. 9 மணிக்கு மேல் குதிரை, வாடகை சைக்கிள், கார் எல்லாம் இதே சாலைக்கு வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் கைக்குழந்தையோடு இங்கே நடக்கவே வேண்டாம்.

ஏரி உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், தண்ணீர் ஓரமாக நடக்கும்போது அருகில் வரும் வண்டி எதிரே கண்ணுக்குத் தெரியும். மாற்றிச் சுற்றினால் அது முதுகுக்குப் பின்னால் வரும். சீசனில் போக்குவரத்தை ஒருவழியாக்கினால் வண்டி வரும் திசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தூரத்தைக் கண்ணால் கணக்குப் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து உருவாக்கிய ஏரி இது. தண்ணீர் பக்கத்துப் பள்ளங்களுக்குள்ளும் ஏறியதால் நட்சத்திரம்போல் கைகள் நீண்டுவிட்டன. படகுத்துறை எதிர்க்கரையில் பக்கத்திலேயே தெரியும். சாலையோ ஒவ்வொரு கையையும் வளைந்து சுற்றித்தான் அங்கே போகும். குறுக்குவழி கிடையாது. பெரியவர்கள் மட்டும் என்றால் ஒன்றேகால் மணி நேரம் போதும். நாலு வயதுப் பிள்ளை இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 20 நிமிடத்திலேயே பிள்ளை "தூக்கு" என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பாதி தாண்டிவிட்டால் திரும்புவதைவிட முன்னே போவதுதான் குறைந்த தூரம். பாட்டி, தாத்தாவுக்கு முழுச் சுற்று தேவையே இல்லை. படகுத்துறையிலிருந்து ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினாலே மனசு நிறையும். கழிப்பறைத் தேவையைப் படகுத்துறைப் பக்கமே முடித்துக்கொள்வது நல்லது.

குழந்தை வண்டிக்குச் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். மடித்துப் பையில் வைக்கும் குட்டிச் சக்கர வண்டி, தார் பெயர்ந்த ஓரங்களில் சிக்கி நிற்கும். சக்கர நாற்காலியும் ஓடும், ஆனால் தள்ள இரண்டு பேர் மாற்றி மாற்றி வேண்டும்.

உயரம் சுமார் 2,100 மீட்டர். கடலோர ஊரைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதனால் சமதரையில்கூட முதல் நாள் மூச்சு வாங்கும். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்த பிள்ளைகளை வந்த அன்றே நடக்க வைக்காதீர்கள். குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்வதும் தப்பு; தொப்பி இல்லாத பிள்ளைகளின் கன்னம் மதியத்துக்குள் சிவந்துவிடும். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை. சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) எடுத்திருக்க வேண்டும். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை.

இருட்டும் நேரத்திலும் விடியும் முன்பும் காட்டு மாடுகள் ஊருக்குள் இறங்கும். அசையாமல் மேய்வதைப் பார்த்து, படம் எடுக்க நெருங்காதீர்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

இன்னொன்று: ஏரி பள்ளத்தில் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து வரும்போது சுகமான இறக்கம், திரும்பும்போது அதே தூரம் ஏற்றம். களைத்த கால்களை அதில் ஏற்றாமல், டாக்சி ஓட்டுநரின் எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு, ஏரிக்குப் பக்கத்தில் உள்ள பிரையண்ட் பூங்கா வாசலுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.