காதலிக்க நேரமில்லை டிவிடி: படம் பிரமாதம், பிரதி சுமார்

பழைய பட நண்பர்கள் நாலு பேர் கூடினால் எங்கள் பேச்சு கடைசியில் 1964-இல் போய்த்தான் நிற்கும். அந்த வருடம் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யை ஒழுங்காகப் பார்க்கலாமே என்று போன வாரம் ஒரு கடையில் டிவிடி வாங்கினேன்.

முதலில் குறை. ஈஸ்ட்மென் கலரில் எடுத்த படம், வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, ஆனால் இந்தப் பிரதியில் நிறமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. அதைவிடக் கொடுமை, பாட்டு ஓடும்போது திரையின் மூலையில் கடைக்காரரின் தொலைபேசி எண். சப்டைட்டிலும் இல்லை. இந்தப் படத்துக்கு இப்படிச் செய்வதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

ஆனால் ஒலி நன்றாகவே இருக்கிறது, அதனால்தான் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று படக் கம்பெனி வைத்திருக்கும் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பாவாக வரும் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சியில் பாலையாவின் மூச்சுச் சத்தம்கூட விடாமல் கேட்டது. அந்தக் காட்சி நாகேஷுடையது என்று நண்பன் அடித்துச் சொல்வான். நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், பாலையா அப்படி வெலவெலத்துப் போகாவிட்டால் அங்கே பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அப்புறம் இன்னொரு தகவல்: இதையே ஸ்ரீதர் 1966-இல் இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தார், அங்கே இந்தக் கதையை மெஹ்மூத் சொல்ல, ஓம் பிரகாஷ் நடுங்குவார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், என் கட்சிக்கு வந்துவிடுவீர்கள்.

நாயகன் ரவிச்சந்திரனுக்கு இது முதல் படம் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை, அவ்வளவு சரளம்.

ஐந்துக்கு இரண்டரை. வேறு நல்ல பிரதி கிடைத்தால் அதை வாங்குங்கள்.