அதே கேட்டலாக் எண், வேறு முயல்: டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் ஆன்டிபாடி வாங்குவோர் கவனத்திற்கு

மூளையில் டோபமின் செல்களை எண்ணுபவர்கள் பெரும்பாலோருக்கு டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் ஆன்டிபாடி, அதாவது அந்த நொதியைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம், தேவைப்படும். டைரோசினை, டோபமினுக்கு முந்தைய படியான எல்-டோபாவாக மாற்றுவது அந்த நொதி. டோபமின் தயாரிப்பின் வேகமே அதன் கையில்தான். நாங்கள் வாங்கியது முயலில் எடுத்த பாலிக்ளோனல், அதாவது பல வகை ஆன்டிபாடிகளின் கலவை; முயலுக்கு முயல் அது மாறும். முதல் குப்பி அருமையாக வேலை செய்தது. அது தீர்ந்ததும் அதே கேட்டலாக் எண்ணில் இன்னொன்று வாங்கினோம். லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

புதுக் குப்பியில் சாயமேற்றிய எலி மூளைச் சீவல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். டோபமின் செல்கள் நிறைந்த சப்ஸ்டான்ஷியா நைக்ரா வழக்கம்போல நடுமூளையின் அடிப்பகுதியில் வளைவாகத் தெரிந்தது. ஆனால் நடுக்கோட்டில், செரோடோனின் செல்கள் கூட்டமாக இருக்கும் ராஃபே பகுதியும் அதே அளவுக்கு ஒளிர்ந்தது. பழைய சீவல்களில் அந்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செல்கள் தெரியும். சந்தேகம் வந்து, புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடி எதில் ஒட்டுகிறது என்று காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போட்டேன். டைரோசின் ஹைட்ராக்சிலேஸின் பேண்ட் (பட்டை) 60 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகே வரவேண்டும், மங்கலாக வந்தது. பக்கத்தில் நெகட்டிவ் கன்ட்ரோலாக வைத்த கல்லீரல் மாதிரியில் ஒன்றுமே வரக்கூடாது. அங்கே 50-க்குச் சற்று மேலே கன்னங்கரேலென்று ஒரு பேண்ட்!

கல்லீரலில் ஃபீனைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ் நிறைய உண்டு, அளவும் அதுதான். செரோடோனின் செல்களில் டிரிப்டோபன் ஹைட்ராக்சிலேஸ் இருக்கிறது. மூன்றும் ஒரே குடும்பத்து நொதிகள். வினை நடக்கும் பகுதி மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. புது லாட் அந்தப் பொதுப் பகுதியைத்தான் பிடிக்கிறது என்பது என் கணிப்பு.

நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன். ஆன்டிபாடியை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள் என்றார்கள், செய்தேன். பிளாக்கிங்கை (ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கும் படியை) மாற்றுங்கள் என்றார்கள், மாற்றினேன். செகண்டரியை, அதாவது முதல் ஆன்டிபாடியில் ஒட்டி அதைக் கண்ணுக்குக் காட்டும் இரண்டாவது ஆன்டிபாடியை, சந்தேகப்படுங்கள் என்றார்கள். செகண்டரி மட்டும் போட்ட சீவல் சுத்தமாக இருந்தது. அந்தப் படத்தையும் அனுப்பினேன். இப்படியே மூன்று வாரம் போனது. கடைசியில் நேராகக் கேட்டேன்: "இந்த லாட் அதே முயலுடையதா?" இல்லையாம், வேறு முயலாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். தகவல் தாளில் இருந்த பிளாட் படமும் பழைய லாட்டுடையதே. அதுவும் 60 கிலோடால்டன் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டிய துண்டு. கல்லீரல் மாதிரியே கிடையாது.

பணத்துக்குப் பதில் கிரெடிட் நோட் கொடுத்தார்கள். அது போகட்டும். அந்தச் சீவல்களுக்காக உயிர்விட்ட எலிகளை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

பாலிக்ளோனல் வாங்குகிறீர்கள் என்றால், ஆர்டர் கொடுக்கும் முன்பே லாட் எண்ணைக் கேளுங்கள், அந்த லாட்டின் முழு பிளாட்டையும் கேளுங்கள். நன்றாக வேலை செய்யும் லாட் கிடைத்தால் அதிலேயே தேவையான அளவு வாங்கி, சிறு சிறு பங்காகப் பிரித்து உறைய வையுங்கள். புதுக் குப்பி வந்தால் முதலில் பழையதோடு அருகருகே ஓட்டிப் பாருங்கள். கல்லீரலையும் ராஃபே சீவலையும் விட்டுவிடாதீர்கள். நான் இப்போது ரீகாம்பினன்ட் மோனோக்ளோனலுக்கு, அதாவது மரபணுவைக் கொண்டு ஆய்வகத்தில் தயாரிக்கும் ஒரே வகை ஆன்டிபாடிக்கு, மாறிவிட்டேன். அதையும் இதே சோதனைக்குப் பிறகுதான் எடுத்தேன்.

இந்த லாட்டை வாங்கிய மற்றவர்களுக்குத் தெரிவித்தீர்களா என்று நிறுவனத்திடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். பதில் வரவில்லை.