ஜிப்சிக்கு வீட்டிலேயே அடிக்காப்பு: 5052 அலுமினியத் தகடு, ஒரு மதிப்பீடு

மாருதி ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இன்ஜினின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) அடியில் பொருத்தும் காப்புத் தகட்டை வீட்டிலேயே செய்வதற்காக, 4 மி.மீ. கனமுள்ள 5052 எச்32 ரக அலுமினியத் தகட்டை வாங்கினேன் (5052 என்பது உலோகக் கலவையின் எண், எச்32 அதன் கடினத்தன்மையைக் குறிப்பது). ஜிக்சா, டிரில்லிங் மெஷின், அரம், வைஸ், சில சி கிளாம்ப்புகள் ஆகியவற்றைத் தவிர வேறு கருவிகள் இல்லாதவருக்கு இதைவிட இணக்கமான தகடு கிடைப்பது அரிது என்பதே என் முடிவு.

வலிமை மிகுந்த இன்னொரு அலுமினியக் கலவையான 6061 டி6 ரகத்தை வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதன் வலிமை உண்மைதான். ஆனால் நெருக்கி மடக்கினால் மடிப்பின் வெளிப்புறத்தில் அது விரிசல் விடும். ஏறத்தாழ 2.5 சதவீதம் மக்னீசியம் கலந்த 5052 மடிப்புக்கு இசைந்து கொடுப்பதோடு கடற்காற்றையும் நன்கு தாங்குகிறது. எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவிய பிரிட்டனில் 1948இல் வெளிவந்த முதல் லேண்ட் ரோவரின் உடற்பகுதிக்குப் பயன்பட்ட பிர்மாபிரைட்டும் அலுமினிய-மக்னீசியக் கலவையே.

எஃகின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு உண்டு. ஆனால் தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், 3 மி.மீ. எஃகுத் தகட்டுக்கு ஈடாக இதில் சுமார் 4.3 மி.மீ. கனம் தேவைப்படும். 4 மி.மீ. தகட்டில் உள்ள அந்தச் சிறு குறையை, விளிம்புகளை மேல்நோக்கி மடித்து ஈடுசெய்யலாம். 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட எஃகுத் தகடு சுமார் 6.4 கிலோ இருக்கும், இது 2.9 கிலோதான்.

வெட்டுவது எளிது. பெரிய பற்கள் கொண்ட பிளேடில் மெழுகைத் தேய்த்து, மிதமான வேகத்தில் ஓட்டினால், உலோகத் துகள் பற்களில் உருகி ஒட்டுவதில்லை. அரத்திலும் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்வது நல்லது. மடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். இரண்டு இரும்பு ஆங்கிள்களுக்கு இடையில் தகட்டை இறுக்கி, மடிப்பு விழும் ஆங்கிளின் முனையை 6 மி.மீ. ஆரத்துக்கு முன்கூட்டியே உருட்டி அராவிவிட்டு, மரக்கட்டையை வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சிறிது சிறிதாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். அகலமான மடிப்புக்கு 4 மி.மீ. கனமே கைவேலையின் எல்லை. அதற்கு மேல் வேண்டுமானால் பிரேக் பிரஸ் (தகட்டை மடிக்கும் இயந்திரம்) உள்ள பட்டறைக்குக் கொடுத்துவிடுவதே சரி.

ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நேரடியாகப் பூட்டினால், ஈரம் படும்போது துளையைச் சுற்றி அலுமினியம் அரிக்கும்; ஆகவே நைலான் வாஷரும் புஷ்ஷும் (துளைக்குள் போல்ட்டைச் சுற்றி நிற்கும் குழல்) இட்டுப் பிரித்து வைக்க வேண்டும்.

பாறைமேல் எஃகு வழுக்கிச் செல்லும் இடத்தில் இந்த மென்மையான தகடு கீறிப் பற்றிக்கொள்வது இதன் உண்மையான குறை. மண் பாதைக்கும் ஆற்றுப்படுகைக் கூழாங்கற்களுக்கும் இது தாராளமாகப் போதும். பாறைகளில் ஏறி இறங்குவதே வழக்கம் என்றால் எஃகையே வாங்குங்கள். இந்தத் தகட்டின் மிச்சத் துண்டுகளில் பேட்டரித் தட்டு, கருவிப்பெட்டி போன்றவற்றைச் செய்யலாம். ஆனால் சிக்கிய வண்டியை இழுக்கும் கொக்கியையோ சஸ்பென்ஷன் உறுப்பையோ இதில் செய்யவே கூடாது. இழுவையின்போது அறுந்து பறக்கும் உலோகத் துண்டு உயிரைப் பறிக்கக்கூடியது.